மாலின் நடுவழியில் ஒரு கியோஸ்க்: என்னிடம் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

மொபைல் உறை, மொபைல் திரைமேல் ஒட்டும் கண்ணாடித்தாள், கடிகாரப் பட்டை என்று சின்னச் சின்னச் சாமான்களை மாலின் நடுவழியில் வைத்து விற்றுச் சில வருடங்கள் ஓட்டியவன் நான். போட்ட மூன்று கியோஸ்க்குகளில் இரண்டு பிழைத்தன, ஒன்று கையைக் கடித்தது. புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். வரி, உரிமம், சம்பளச் சட்டம் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அவற்றை விட்டுவிட்டேன். அதற்கு உங்கள் ஊர்க் கணக்காளரிடம் போங்கள்.

கியோஸ்க் என்று எதைச் சொல்கிறோம்? சின்னக் கடை என்று வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளாதீர்கள், அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கும். கியோஸ்க்குக்குச் சுவர் கிடையாது, ஷட்டர் கிடையாது, உள்ளே என்று சொல்ல ஓர் இடமே கிடையாது. கடைக்குள் நுழைகிறவர் ஏதோ வாங்கலாம் என்ற எண்ணத்தோடு வருகிறார். கியோஸ்க்கைத் தாண்டிப் போகிறவர் வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறார். அவருடைய வழியில் நீங்கள் நிற்கிறீர்கள். பொருள், விலை, வெளிச்சம், பேச்சு எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கியோஸ்க் என்ற சொல் பாரசீகத்திலும் துருக்கியிலும் தோட்ட மண்டபத்தைக் குறித்தது. அதுவும் நாலு பக்கமும் திறந்ததுதான். கூரை மூடிய, குளிரூட்டிய மால் என்ற வடிவத்துக்கு முன்மாதிரியான சவுத்டேல், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1956இல் திறந்தது. வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த விக்டர் க்ரூன். ஊர்ச் சதுக்கம் போல ஜனங்கள் கூடி நிற்கட்டும் என்றுதான் அவர் நடுவில் பெரிய முற்றம் வைத்தார். 1976இல் பாஸ்டனில் ஃபனியல் ஹால் மார்க்கெட்ப்ளேஸ் என்ற கடைவளாகம் திறந்தபோது, மால்கள் கட்டிவந்த ஜேம்ஸ் ரவுஸின் நிறுவனம் அங்கே சிறு வியாபாரிகளைத் தள்ளுவண்டிகளோடு உட்காரவைத்தது. காலாற நடக்க விட்ட இடமும் வாடகை தரும் என்பது பிறகு எல்லா மால்காரர்களுக்கும் பழகிப்போனது.

என்ன பொருள் விற்றால் ஓடும்?

மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். நாலு அடி தூரத்திலிருந்து பார்த்தே அது என்ன என்று புரிகிறதா? வீட்டில் யாரையும் கேட்காமல் நின்ற இடத்திலேயே முடிவெடுக்கக்கூடிய விலையா? வாங்கியதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடையைத் தொடர முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் யோசிக்கலாம்.

இன்னொரு வகை, கண்ணெதிரே செய்து காட்டுவது. பெயர் பொறிப்பது, மொபைலுக்குக் கண்ணாடித்தாள் ஒட்டுவது, கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுவது. எனக்குப் பிடித்தது இந்த வகைதான், காரணம் மிகச் சாதாரணமானது. ஒருவருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்போது அவர் அங்கேயே நிற்கிறார். ஒருவர் நின்றால் இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, ஒட்டும் தாளால் தூசியை எடுத்து, தாளை மெதுவாக இறக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்று விலகுவதைச் சின்னப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அந்த மூன்று நிமிடத்தில் பக்கத்தில் தொங்கும் உறைகளை அம்மாவோ அப்பாவோ ஒரு கை புரட்டியிருப்பார்கள். ஒட்டுவதில் வந்த லாபத்தைவிட உறையில் வந்த லாபம்தான் எனக்குப் பெரிது.

அளவு பார்த்து, போட்டுப் பார்த்து வாங்க வேண்டிய துணிமணி கியோஸ்க்குக்குச் சரிப்படாது. இணையத்தில் இதே பொருள் என்ன விலை என்று நின்ற இடத்திலேயே தேடிப் பார்க்கக்கூடிய பிராண்டட் மின்சாதனங்களிலும் தலையைக் கொடுக்காதீர்கள்.

சாப்பிடும் பொருள் விற்கலாமா?

விற்கலாம், லாபமும் நன்றாக நிற்கும். ஆனால் தண்ணீர் இணைப்பு, கழிவுநீர், சுகாதார அனுமதி, புகை, வாசனை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை வரும். முதல் தொழிலாக இதை எடுக்காதீர்கள் என்பேன்.

மாலில் எந்த இடம் நல்ல இடம்?

கூட்டம் அதிகமுள்ள இடம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். என் முதல் கியோஸ்க்கை எஸ்கலேட்டர் இறங்கும் இடத்தில் போட்டேன். மாலுக்கு வரும் பாதிப் பேர் அந்த வழியாகத்தான் இறங்குவார்கள் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள், அது உண்மையும்கூட. ஆனால் எஸ்கலேட்டரிலிருந்து இறங்குகிறவர் நிற்க முடியாது, பின்னால் இன்னொருவர் வந்து இடிப்பார். நின்றாலும் பின்னால் ஆள் உரசிப் போய்க்கொண்டே இருந்தால் கையிலெடுத்த பொருளை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கூட்டம் அலைமோத, நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாதம் கெஞ்சிக் கூத்தாடி, அங்கிருந்து பதினைந்து அடி தள்ளி, பெஞ்சுகள் போட்ட பகுதிக்கு எதிரே மாற்றிக்கொண்டேன். அதே சரக்கு, அதே விலை, நல்ல வியாபாரம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பத்து நிமிடம் வேறு வழியில்லாமல் உங்கள் பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் அல்லவா!

ஆக, தேட வேண்டியது ஜனங்கள் நடை தளரும் இடம். பெஞ்சு, லிஃப்ட் காத்திருப்பு, குழந்தைகள் விளையாடும் பகுதி, திரையரங்கு வாசல், இரண்டு வழிகள் சந்திக்கும் முனை. நுழைவாயிலை ஒட்டிய முதல் சில அடிகளும் பெரிதாகப் பயன்படாது. வெளியிலிருந்து வருகிறவரின் கண் வெளிச்சத்துக்குப் பழகி, எந்தப் பக்கம் போகலாம் என்று யோசிப்பதற்குள் உங்களைத் தாண்டிவிடுவார்.

எதிரே, பக்கத்தில் என்ன கடைகள் என்றும் பாருங்கள். உங்கள் பொருளை வாங்கக்கூடியவர்கள் எந்தக் கடைக்கு வருகிறார்களோ அதற்குப் பக்கம் போங்கள். பூட்டிக் கிடக்கும் கடைக்கு முன்னால் இடத்தை மலிவாகத் தருகிறார்கள் என்றால் ஏன் மலிவு என்று கேளுங்கள்.

ஆள் நடமாட்டத்தை நானே எண்ண வேண்டுமா? நிர்வாகம் தரும் எண்ணிக்கை போதாதா?

போதாது. அவர்கள் தருவது மாலின் வாசலில் நுழைந்தவர்களின் எண்ணிக்கை. உங்களுக்கு வேண்டியது அந்தக் குறிப்பிட்ட பத்தடியைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை.

ஒரு செவ்வாயோ புதனோ, அப்புறம் ஒரு சனியோ ஞாயிறோ போய் உட்காருங்கள். காலை, பிற்பகல், மாலை என்று தலா ஒரு மணி நேரம். நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். கடந்தவர்கள் ஒரு வரிசை, நடை தளர்ந்தவர்கள் ஒரு வரிசை, கையில் வாங்கிய பை வைத்திருப்பவர்கள் ஒரு வரிசை. மூன்றாவது வரிசையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குளிர்ச்சிக்காக நடக்க வருகிறவர்களும் காசு செலவழிக்க வருகிறவர்களும் வாசல் எண்ணிக்கையில் ஒன்றுதான்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

நிதானமாகப் படியுங்கள், முடிந்தால் வக்கீலிடம் காட்டுங்கள். கியோஸ்க்குக்குப் பெரும்பாலும் குத்தகைப் பத்திரம் தரமாட்டார்கள், அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிம ஒப்பந்தம்தான் தருவார்கள். பல நாடுகளில் குத்தகைதாரருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு உரிமதாரருக்குக் கிடையாது. குறுகிய அறிவிப்பில் கிளப்பிவிடலாம்.

முதலில் இடமாற்ற விதியைத் தேடுங்கள். 'நிர்வாகம் தேவைப்பட்டால் உரிமதாரரை வேறு இடத்துக்கு மாற்றலாம்' என்று ஒரு வரி எங்காவது இருக்கும். எனக்கு அந்த வரி ஒரு வெள்ளிக்கிழமை மாலை கடிதமாக வந்தது. ஒரு வார அவகாசம், புது இடம் வாகன நிறுத்துமிடத்துக்குப் போகும் நடைவழி, மாற்றும் செலவு என்னுடையது. பழைய இடத்தில் ஒரு காரைக் கண்காட்சிக்கு நிறுத்தினார்கள். சண்டை போட என்னிடம் எதுவும் இல்லை, நான் கையெழுத்துப் போட்டதுதான் அது. அந்த வரியை எடுத்துவிட நிர்வாகம் சம்மதிப்பது அபூர்வம். ஆனால் குறைந்தது 30 நாள் அறிவிப்பு, மாற்றும் செலவு அவர்களுடையது, புது இடம் பிடிக்காவிட்டால் டெபாசிட்டோடு வெளியேறும் உரிமை, இந்த மூன்றையும் கேட்கலாம். நான் அதற்குப் பிறகு கேட்ட இரண்டு இடங்களில் ஒன்றில் மூன்றும் கிடைத்தன.

அடுத்து, எதை விற்கலாம் என்ற விதி. 'மொபைல் உறைகள்' என்று எழுதியிருந்தால் சார்ஜர் விற்க முடியாது. கொஞ்சம் அகலமாக எழுதி வாங்குங்கள். உங்களுக்கு எதிரிலேயே அதே பொருளோடு இன்னொருவரைக் கொண்டுவந்து வைக்க மாட்டோம் என்ற உறுதியையும் கேளுங்கள், கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை. பெரிய கடைகள் சில தங்கள் ஒப்பந்தத்திலேயே 'எங்கள் பொருளை வேறு யாரும் விற்கக்கூடாது', 'எங்கள் முகப்பை எதுவும் மறைக்கக்கூடாது' என்று எழுதி வாங்கியிருக்கும். அந்தப் பழைய வாக்குறுதி உங்கள் கழுத்துக்கு வரலாம். அதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

திறக்கும் நேரம், தாமதமானால் அபராதம், பொதுப் பராமரிப்புக் கட்டணம், விளம்பரக் கட்டணம், மின்சாரம், யாருக்காவது அடிபட்டால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு ஆகியவை வாடகைக்கு மேலே வருபவை. எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டிப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

விற்பனையில் சதவீதம் கேட்கிறார்கள். அது எப்படி?

அடிப்படை வாடகை ஒன்று இருக்கும். விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையில் இத்தனை சதவீதம் கூடுதல். அந்த வரம்பு எங்கே என்பதுதான் எல்லாம்.

பணம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். மாத அடிப்படை வாடகை 1,500, சதவீதம் 15 என்று வைத்துக்கொள்வோம். 1,500ஐ 15 சதவீதத்தால் வகுத்தால் 10,000. அடிப்படை வாடகை விற்பனையில் சரியாக 15 சதவீதமாகும் இடம் இது, அதனால் இதுதான் இயல்பான வரம்பு. மாதம் 12,000க்கு விற்றால், தாண்டிய 2,000க்கு 15 சதவீதம், அதாவது 300 கூடுதல். சரி, நியாயம்தான்.

ஆனால் ஒப்பந்தத்தில் வரம்பு 8,000 என்று எழுதியிருந்தால் அதே விற்பனைக்கு 600 கட்ட வேண்டும். விற்பனை என்பதற்குள் வரியும், திருப்பி வாங்கிய பொருளின் தொகையும் சேராது என்று எழுதி வாங்கவும் மறக்காதீர்கள். சேர்த்துவிட்டால் உங்களுடையதே இல்லாத பணத்துக்கும் வாடகை கட்டுவீர்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை பில் போட்டால் தேறுவேன்?

மேலே சொன்ன அதே எண்களோடு போகலாம். வாடகை, சம்பளம், மின்சாரம், காப்பீடு எல்லாம் சேர்த்து மாதச் செலவு 5,400. சராசரி பில் 10, அதில் கொள்முதல் 4, கையில் நிற்பது 6. 5,400ஐ 6ஆல் வகுத்தால் 900 பில். 30 நாளுக்கு, நாளொன்றுக்கு 30. மால் 12 மணி நேரம் திறந்திருந்தால் மணிக்கு இரண்டரை, அதாவது 24 நிமிடத்துக்கு ஒரு பில். உங்கள் நோட்டில் மணிக்கு 600 பேர் கடந்திருந்தால், 240 பேரில் ஒருவர் வாங்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் விற்பனை அப்படிச் சமமாக வராது. பாதி வியாபாரம் வார இறுதியின் எட்டு நாளில் வருகிறது என்றால், அந்த நாள்களில் 56 பில் போட வேண்டும், 13 நிமிடத்துக்கு ஒன்று. கண்ணாடித்தாள் ஒட்ட மூன்று நிமிடம், பணம் வாங்க ஒரு நிமிடம் என்றால் ஒற்றை ஆளால் தாக்குப்பிடிக்க முடியும். மாலை ஆறு முதல் ஒன்பதுக்குள் எல்லாரும் மொத்தமாக வந்தால் முடியாது. மற்ற 22 நாள்களில் நாளொன்றுக்கு 20தான். போணியே ஆகாமல் பிற்பகல் இரண்டு மணி ஆகும் நாள்களும் அதில் உண்டு, மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கவனித்தீர்களா? 900 பில் என்றால் விற்பனை 9,000. வரம்பு 8,000 என்று கையெழுத்துப் போட்டிருந்தால், ஒரு காசு லாபமில்லாத இந்த மாதத்திலும் 150 கூடுதல் வாடகை கட்டியாக வேண்டும். என்னுடைய கடித்த கியோஸ்க்கின் கதை ஏறக்குறைய இதுதான்.

தொடங்க எவ்வளவு முதல் வேண்டும்?

தொகை சொல்ல மாட்டேன், தலைப்புகள் சொல்கிறேன். டெபாசிட், முதல் மாத வாடகை, கியோஸ்க், முதல் சரக்கு, பெயர்ப்பலகையும் விளக்கும், பில் போடும் கருவி, காப்பீடு, உரிமம். இவற்றோடு குறைந்தது மூன்று மாதச் செலவைத் தொடாமல் தனியாக வையுங்கள். அது இல்லாமல் ஆரம்பித்தால் இரண்டாவது மாதமே சரக்கு வாங்க வேண்டிய காசு வாடகைக்குப் போய்விடும், தட்டுகள் காலியாகும், காலித் தட்டைப் பார்த்து யாரும் நிற்க மாட்டார்கள்.

பல மால்கள் வண்டி வடிவ கியோஸ்க்கைத் தாங்களே வாடகைக்குத் தருகின்றன. முதல் தடவை அதையே எடுங்கள். பொருள் ஓடுமா என்று தெரியாமல் தச்சரிடம் அளவு கொடுக்காதீர்கள்.

சொந்தமாகச் செய்வதானால் வடிவமைப்பில் எதைக் கவனிப்பது?

உயரம் முதலில். பின்னாலுள்ள கடைகளின் பலகையை மறைக்கக்கூடாது என்பதால் உயர வரம்பு வைத்திருப்பார்கள். மேலே கூரை போட நினைத்தால், தீயணைப்புத் தெளிப்பான்களை மறைக்கும் என்று மறுத்துவிடலாம். துணியும் பலகையும் எளிதில் தீப்பிடிக்காத வகையாக இருக்க வேண்டும். வரைபடம் ஒப்புதலான பிறகே மரத்தை வெட்டுங்கள்.

கியோஸ்க்குக்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. நீங்கள் முன்பக்கம் என்று நினைப்பதற்கு நேர் பின்னால் வருகிறவருக்கு அதுதான் முன்பக்கம். அவர் பார்ப்பது அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில், தொங்கும் சார்ஜர் வயர், உங்கள் முதுகு. நாலு பக்கமும் சுற்றி வந்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருபது அடி தள்ளி நின்று போட்டோ எடுத்துப் பாருங்கள். என்ன விற்கிறீர்கள் என்று தெரியாத பக்கத்தைத் திருத்துங்கள். விலையைப் பெரிதாக எழுதுங்கள். விலை கேட்கக் கூச்சப்பட்டே போய்விடுகிறவர்கள் ஏராளம்.

ஆள் வைக்க வேண்டுமா, நானே நிற்கலாமா?

முதல் இரண்டு மாதம் நீங்களே நில்லுங்கள். எந்த நிறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எந்த நிறத்தை வாங்குகிறார்கள் என்பது பில்லில் வராது. ஆனால் பன்னிரண்டு மணி நேரம், வாரம் ஏழு நாள் ஒற்றை ஆளால் முடியாது. கழிவறைக்குப் போவதற்கே பக்கத்துக் கியோஸ்க்காரரின் தயவு வேண்டும். அவரோடு சிநேகமாக இருங்கள், அவர் போகும்போது நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் எடுக்கும்போது பேச்சுத் திறமையைவிடக் கை சும்மா இராதவரைப் பாருங்கள். ஸ்டூலில் உட்கார்ந்து மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளிடம் யாரும் வரமாட்டார்கள். துடைத்துக்கொண்டோ அடுக்கிக்கொண்டோ இருப்பவரிடம் தயங்காமல் வந்து பேசுவார்கள்.

நடந்து போகிறவர்களைக் கூப்பிடலாமா?

ஒரு வணக்கம், ஒரு சிரிப்பு, போதும். வழிமறிப்பது, கையில் எதையாவது தடவுவது, பின்னாலேயே நடப்பது எல்லாம் பல மால்களில் தடை. புகார் வந்தால் உரிமம் போகும்.

சரக்குக் கணக்கும் திருட்டும்?

நாலு பக்கமும் திறந்திருப்பதால் எடுக்க நினைப்பவர் எந்தப் பக்கத்திலிருந்தும் எடுக்கலாம். விலை கூடியதை உங்கள் கை எட்டும் தூரத்தில், உங்கள் கண்ணுக்கு எதிரே தொங்கவிடுங்கள். இரவு மூடும்போது கொக்கி வாரியாக எண்ணிவிட்டு கியோஸ்க்குக்கு உறை போடுங்கள். காலையில் உறையை எடுத்ததும் மறுபடி எண்ணுங்கள். ஐந்து நிமிட வேலை. குறைவது இரவிலா பகலிலா என்று தெரிந்தால்தான் யாரைக் கேட்பது என்று தெரியும்.

எட்டு வாரம் அசையாத பொருளை வாங்கிய விலைக்காவது தள்ளிவிடுங்கள். கியோஸ்க்கில் ஒவ்வொரு கொக்கியும் வாடகை கொடுக்கிறது.

விடுமுறைக் காலத்துக்கு மட்டும் போடலாமா?

நல்ல யோசனை. வாடகை கூடுதலாக இருக்கும், ஆனால் பொருளைச் சோதிக்க இதைவிடக் குறைந்த ஆபத்துள்ள வழி இல்லை. இரண்டு எச்சரிக்கை: இடத்தைப் பல மாதம் முன்பே பேசி முடிக்க வேண்டும், அப்புறம் அந்தச் சில வார விற்பனையை வைத்து வருடக் கணக்குப் போடக்கூடாது.

சரிவரவில்லை என்று எப்போது முடிவெடுப்பது?

தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: தொடர்ந்து எத்தனை மாதம் செலவுக்குக் கீழே விற்றால் மூடுவேன் என்று. நான் மூன்று என்று எழுதிவிட்டு ஏழு மாதம் இழுத்தேன். ஒவ்வொரு மாதமும் 'அடுத்த மாதம் விடுமுறை வருகிறது' என்று ஒரு காரணம் கிடைத்தது.

மூடுவதென்றால் ஒப்பந்தத்தில் உள்ள அறிவிப்பு நாள்களை எண்ணி, எழுத்தில் கொடுங்கள். கடைசி வாரத்தில் சரக்கை விலை குறைத்துத் தீர்த்துவிடுங்கள். கியோஸ்க்கை எடுத்ததும் கீழேயுள்ள தரையைத் துடைத்து, தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, நிர்வாகத்தின் ஆளிடம் சேதம் இல்லை என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். என் டெபாசிட்டில் ஒரு பகுதியைத் தரைக்கல் கீறல் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கீறல் நான் வருவதற்கு முன்பே இருந்தது, நிரூபிக்க என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. அதனால் முதல் நாள், கியோஸ்க்கை இறக்கும் முன்பும் தரையை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.